எடைக்கூடத்தில் ரசீது நின்றபோது: கோத்தகிரிப் பக்கத் தேயிலை ஆலை ஒன்றில் ஹப்பை எடுத்து ஸ்விட்ச் அமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரியிலிருந்து இறங்கும் சாலை ஒன்றின் ஓரம், சரிவில் படிப்படியாகக் கட்டிய தேயிலை ஆலை. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றியுள்ள ஹட்டிகளின் (மலைக் கிராமங்களின்) சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை விலைக்கு வாங்கித் தூளாக்குவதுதான் தொழில். நீலகிரியில் இப்படிப்பட்ட ஆலைகள் நிறைய என்பதால் இங்கே நடந்தது மற்ற ஆலைகளுக்கும் பயன்படும். ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். வலையமைப்பைச் சரிசெய்து கொடுக்கும் பொறுப்பு என்னிடமும் என் உதவியாளரிடமும் இருந்தது.

இடத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும், பின்னால் எடுத்த முடிவுகள் பலவும் அதிலிருந்துதான் வந்தன. சாலையை ஒட்டி மேலே அலுவலகம். சர்வர், கேமரா பதிவுப் பெட்டி, இணைய ரவுட்டர் எல்லாம் அங்கே. அதற்கு அடுத்த கீழ்ப்படியில் ஆலைக் கட்டடம்: மாடியில் இலை வாட்டும் தொட்டிகள், கீழே இலையை நசுக்கித் துணுக்காக்கும் சி.டி.சி. உருளைகள், உலர்த்தி, சலிப்பறை. பக்கவாட்டில் பேக்கிங் அறையும் குடோனும். எல்லாவற்றுக்கும் அடியில், இலை வண்டி வந்து திரும்பும் முற்றமும் எடைக்கூடமும். சற்றுத் தள்ளி மேலாளர் குடியிருப்பு. அலுவலகத்திலிருந்து எடைக்கூடத்துக்குக் கம்பி போகும் வழி ஏறக்குறைய 150 மீட்டர்.

எடைக்கூடத்தில் மின்னணுத் தராசு ஒரு கணினியோடு இணைந்திருக்கிறது. மூட்டையை வைத்ததும் எடை கணினிக்கு வரும், அங்கிருந்து அலுவலக சர்வரில் அந்த விவசாயியின் கணக்கில் ஏறும், ஏறியபின் ரசீது அச்சாகும். மாதக் கடைசியில், தேயிலை வாரியம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையை ஒட்டி இந்த எடைக்குத்தான் பணம். ஆகவே அந்தச் சின்ன ரசீதில் இருக்கும் எண் ஒரு வீட்டின் மாத வரும்படி. அது தடையின்றி வர வேண்டும் என்பதைத்தான் கடைசிவரை முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

முதலில் கண்டது

மழைக்குப்பின் கொழுந்து கொட்டும் அக்டோபர் மாதத்தில் எங்களுக்கு அழைப்பு வந்தது. காலையில் எல்லாம் சரியாக இருக்கும். மதியத்துக்கு மேல், இலை வரத்து ஏற ஏற, “சர்வர் தொடர்பு இல்லை” என்ற செய்தி திரையில் வரத் தொடங்கும். மூட்டை தராசில் இருக்கும், ரசீது வராது. மீண்டும் முயன்றால் சில வேளை இரண்டு பதிவு விழும். முற்றத்தில் பிக்கப் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, நேரமாக ஆக மூட்டைக்குள் இலை சூடேறிச் சிவக்கத் தொடங்கும். தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்கு அது தனிக் கவலை.

கணக்கப்பிள்ளை அன்றைய எடைகளைக் கோடு போட்ட நோட்டில் எழுதி, இரவு உட்கார்ந்து கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதுதான் சிக்கலின் உண்மையான அளவைக் காட்டியது.

“தம்பி, நான் எழுதற எடை சரிதான். ஆனா அச்சடிச்ச ரசீது கையில வரலைன்னா விவசாயிக்கு மனசு ஆறாது. நாளைக்கு ஒரு கிலோ வித்தியாசம்னு வந்து நின்னா நான் என்ன சொல்லட்டும்?”

அலுவலகத்தில் எல்லோரும் இணையத்தின் வேகம் போதவில்லை என்று நினைத்திருந்தார்கள். அதிக வேகத் திட்டத்துக்கு மாறியும் பயனில்லை. பயன் இருக்கவும் முடியாது. தராசிலிருந்து சர்வருக்குப் போகும் எடை ஆலையின் வளாகத்தைத் தாண்டுவதே இல்லை. இணையத்தை முழுதாகத் துண்டித்துவிட்டுப் பார்க்கச் சொன்னோம். அன்று மாலையும் அதே தடங்கல். சிக்கல் உள்ளுக்குள்தான் என்பது அதோடு தெளிவாயிற்று. மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு சோதனையை முதலில் செய்வது நல்லது. காசு செலவில்லை.

எடைக்கூடக் கணினியிலிருந்து சர்வருக்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் சோதனை) ஓட விட்டோம். காலையில் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் பதில் வந்தது. மதியம் முதல் வண்டி முற்றத்தில் திரும்பியதும் பதில் நேரம் நூறுகளுக்குத் தாவியது, இடையிடையே பதிலே இல்லை. வண்டி வருவதற்கும் கம்பி திணறுவதற்கும் என்ன தொடர்பு என்பது அப்போது பிடிபடவில்லை.

மாடிப்படிப் பெட்டி

எடைக்கூடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தோம். வாட்டும் மாடிக்கு ஏறும் வெளிப்படிக்கட்டின் அடியில் ஒரு தகரப் பெட்டி. கதவைத் திறந்தால் உள்ளே பழுப்பாகத் தேயிலைப் பஞ்சு, ஒரு மூலையில் பல்லி முட்டை, நடுவே பல கம்பிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டி: எட்டு போர்ட் (கம்பி செருகும் துளை) கொண்ட பழைய 10 மெகாபிட் ஹப். அதன் முகப்பில் தரவுகளின் மோதலைக் காட்டும் மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. மிக இலேசான போக்குவரத்தில் அது எப்போதாவது மின்னும். இங்கே அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் அதை அங்கே வைத்தவர் தவறாக எதுவும் செய்யவில்லை. செம்புக் கம்பியில் ஈதர்நெட் எனும் வலையமைப்பு முறை ஒரே ஓட்டமாக 100 மீட்டர்தான் போகலாம். 150 மீட்டருக்கு நடுவில் சமிக்ஞையைப் புதுப்பித்து அனுப்ப ஏதாவது வேண்டும், ஹப் அதைச் செய்தது. ஒரே ஒரு கணினி சில எழுத்துகளை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் 10 மெகாபிட் ஏராளம்.

பிறகு நடந்ததுதான் கதை. எடை போடுவதைக் கேமராவில் பதிய வேண்டும் என்று விவசாயிகளே கேட்டார்கள். நியாயமான கோரிக்கை, ஆலையும் உடனே ஒப்புக்கொண்டது. கேமரா பொருத்தியவர்கள் பக்கத்தில் காலியான போர்ட் எங்கே என்று தேடி, மூன்று கேமராக்களின் கம்பியையும் இந்த ஹப்பில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஹப்புக்கு யாருக்கு என்ன என்று தெரியாது. ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டிலும் அப்படியே கொட்டும். ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும், இருவர் சேர்ந்து பேசினால் இரண்டும் அழிந்து இருவரும் சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும். குறுகிய கொண்டை ஊசி வளைவில் மேலே வரும் வண்டிக்கு வழிவிட்டுக் கீழே நிற்பது போலத்தான். வண்டி இரண்டு மூன்று என்றால் பரவாயில்லை, சீசன் ஞாயிற்றுக்கிழமை என்றால் யாருமே நகர முடியாது. ஸ்விட்ச் எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அதன் மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணைக் கொண்டு கற்றுக்கொள்ளும், உரியவருக்கு மட்டும் அனுப்பும், ஒவ்வொரு போர்ட்டிலும் போகவும் வரவும் ஒரே நேரத்தில் வழி உண்டு.

கேமராக்கள் ஒவ்வொன்றும் சுமார் 4 மெகாபிட்டுக்கு அமைக்கப்பட்டிருந்தன. மூன்றுக்கு 12. ஹப்பின் மொத்தமோ 10, அதுவும் எல்லோருக்கும் பொதுவாக. அப்படியானால் காலையில் எப்படி ஓடியது? கேமரா அனுப்பும் அளவு காட்சியில் உள்ள அசைவைப் பொறுத்து மாறும்படி வைக்கப்பட்டிருந்தது. முற்றம் காலியாக இருந்தால் கொஞ்சமாக அனுப்பும். வண்டியும் மூட்டையும் ஆட்களும் அசையும்போது உச்சத்துக்குப் போகும். எடை போட வேண்டிய அதே நேரத்தில்தான் எடையின் வழி அடைபட்டது. பிங் காட்டிய விந்தைக்கு விடை இதுதான்.

கையில் இருந்த ஒரு சாதாரண 100 மெகாபிட் ஸ்விட்ச்சை அந்த இடத்தில் மாட்டினோம். அன்று மாலையே ரசீது வரிசையாக வந்தது. ஆலையில் பலருக்கும் வேலை முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியது.

பேக்கிங் அறையில் ஒரு வளையம்

சில வாரங்களில் ஒரு காலை வேளையில் ஆலை முழுதும் நின்றது. எடைக்கூடம், அலுவலகம், கேமரா எதுவுமே இல்லை. போய்ப் பார்த்தால் அலுவலகத்து ஸ்விட்ச்சில் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில், ஒன்றாகச் சேர்ந்து படபடத்துக்கொண்டிருந்தன. சாதாரணமாக விளக்குகள் ஆளுக்கொரு போக்கில் மின்னும். எல்லாம் ஒன்றாக அடித்தால் வலையமைப்பில் எங்கோ வளையம் விழுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அலுவலகத்தில் ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிப் பார்த்தோம். பேக்கிங் அறைக் கம்பியைப் பிடுங்கியதும் மற்றதெல்லாம் உயிர் பெற்றன. அந்த அறையில் மேசைக்கடியில் ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று. முந்தின நாள் தரையைக் கழுவியபோது கம்பிகளைக் கழற்றி மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். திரும்ப மாட்டியபோது தொங்கிய ஒரு கம்பியின் இரண்டு முனையையும் அதே ஸ்விட்ச்சில் செருகிவிட்டார்கள். செருகியவரைக் குறை சொல்ல முடியாது. காலியான துளை, அதற்குப் பொருந்தும் முனை, வேறு அடையாளம் எதுவும் இல்லை.

ஈதர்நெட்டில் தரவு போகும் பொட்டலமான சட்டகத்துக்கு, இத்தனை முறை கடந்ததும் அழிய வேண்டும் என்ற ஆயுள் எண்ணிக்கை கிடையாது. வளையத்தில் அகப்பட்ட, எல்லோருக்குமாக அனுப்பும் பிராட்காஸ்ட் சட்டகம் தானாக அழியாது, சுற்றச் சுற்றப் பெருகும். அமைப்பை மாற்றவும் கண்காணிக்கவும் நிர்வாக வசதி இல்லாத மலிவு ஸ்விட்ச்சுகள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. அறைக்குள் நடந்த ஒரு சிறு காரியம் அடியில் இருக்கும் எடைக்கூடம்வரை போய்த் தாக்கியது அதனால்தான். ஹப்பை ஸ்விட்ச்சாக மாற்றினால் மட்டும் போதாது என்று மேலாளருக்கு விளக்க இந்த நிகழ்வே போதுமானதாயிற்று.

எலக்ட்ரீசியனின் இழுப்பறை

ஆலையின் எலக்ட்ரீசியன் அண்ணா தன் இழுப்பறையைத் திறந்து காட்டினார். செத்துப்போன சிறு ஸ்விட்ச்சுகள், கேமரா அடாப்டர்கள், ஒரு கணினியின் நெட்வொர்க் கார்டு. எல்லாம் ஏப்ரல், மே மாத இடி மழையிலும் ஐப்பசி மழையிலும் போனவை. அவர் எதையும் தூக்கி எறியாமல் தேதி எழுதி வைத்திருந்தது எங்களுக்குப் பெரிய உதவி. பெரும்பாலானவற்றில் மின்சாரம் ஏறும் பக்கம் சேதமில்லை, கம்பி செருகும் போர்ட் பக்கம்தான் கருகியிருந்தது.

இடி கட்டடத்தின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. அருகில் எங்காவது விழுந்தாலும் நிலத்தின் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் வேறுபடும். சரிவில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு கட்டடங்களுக்கு எர்த் தனித்தனி. இரண்டையும் இணைக்கும் செம்புக் கம்பி அந்த வேறுபாட்டுக்குப் பாதையாகிவிடும், நடுவில் இருக்கும் போர்ட் பலியாகும். போர்ட் பக்கம் கருகியதற்கு இதுதான் பொருத்தமான விளக்கம்.

பழைய கம்பியையும் சோதித்தோம். முனையில் உறையை உரித்துக் கத்தியால் மெல்லச் சுரண்டினால், செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. விலை குறைவு, ஆனால் மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும், கம்பி வழியே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பும் பி.ஓ.இ. முறைக்கு ஏற்றதே அல்ல.

என்ன வாங்குவது: முடிவுகளும் காரணங்களும்

கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை போர்ட் என்றுதான். நாங்கள் அதைக் கடைசியில் வைத்தோம். கட்டடங்களுக்கு இடையே எதில் இணைப்பது, எந்த ஸ்விட்ச் எங்கே தொங்கும், அது பழுதானால் மலைமேல் யார் பார்ப்பார், எந்தப் பழுது எடைக்கூடத்தைத் தொடும் என்ற வரிசையில் போனோம்.

கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் என்பது முதல் முடிவு. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, எர்த் வேறுபாடு அதைக் கடக்காது, 100 மீட்டர் வரம்பும் இல்லை. கம்பியில்லா இணைப்பையும் யோசித்தோம். பனிமூட்டம் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை, அதனால் அந்தப் பயம் இல்லை. ஆனால் கூரைமேல் ஏற்றும் கருவி இடிக்கு முதல் இலக்கு, அதிலிருந்து இறங்கும் கம்பி மறுபடியும் செம்பு. அதனால் விட்டோம்.

ஃபைபரில் எது என்பதில் ஒரு விவாதம். எலிக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து இரும்புக் கவசம் போட்ட கேபிளைப் பலரும் பரிந்துரைத்தார்கள். அந்தக் கவசம் உலோகம். அதைக் கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்தால், செம்பைத் தவிர்த்ததன் நோக்கமே பாழாகும், அல்லது இரு முனையிலும் முறையாகக் கவனிக்க வேண்டியிருக்கும். உலோகமே இல்லாத, கண்ணாடி நார்க் கம்பி வைத்த கேபிளை எடுத்து அதைக் கனமான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைப்பது என்று தீர்மானித்தோம். செலவில் பெரும் பங்கு ஸ்விட்ச்சுகளுக்கு ஆகவில்லை, குழி தோண்டிய கூலிக்கும் குழாய்க்கும்தான் ஆயிற்று. இதை முன்கூட்டியே முதலாளியிடம் சொல்லிவிடுவது நல்லது.

இணைப்பின் வடிவம் நட்சத்திரம். அலுவலகத்திலிருந்து ஆலைக் கட்டடத்துக்கு ஒன்று, பேக்கிங் அறைக்கு ஒன்று, எடைக்கூடத்துக்கு ஒன்று என்று தனித்தனி இழைகள். வழியில்தானே ஆலைக் கட்டடம் இருக்கிறது, அங்கேயே ஒட்டி எடைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் கேபிள் மிச்சம் என்று ஒரு யோசனை வந்தது. ஆலைக் கட்டடத்தில் மின்தடை வந்தால் எடையும் நிற்கும் என்பதால் ஏற்கவில்லை.

அடுத்தது ஸ்விட்ச்சின் தரம். நிர்வாக வசதியற்றது, இணையப் பக்கம் வழியே அமைக்கக்கூடிய நடுத்தரம், முழு நிர்வாக வசதி கொண்டது என்று மூன்று படிகள் கிடைக்கின்றன. நடுத்தரத்தை எடுத்தோம். வளையத்தைக் கண்டால் அந்தப் போர்ட்டை மட்டும் மூடும் வசதி, ஒரே ஸ்விட்ச்சில் வலையமைப்பைத் தனித்தனியாக்கும் வி.லான் பிரிப்பு, ஒவ்வொரு போர்ட்டிலும் பிழை எண்ணிக்கை, இந்த மூன்றும் அதில் இருந்தன. கோவையிலிருந்து ஆள் வர வேண்டுமானால் ஒரு நாள் போகும், மழையில் மலைச்சாலையில் மண் சரிந்தால் இரண்டு நாளும் ஆகும். எந்தப் போர்ட்டில் கோளாறு என்று தொலைபேசியிலேயே சொல்ல முடிகிற ஸ்விட்ச்சுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. சமவெளியில் கடைவீதிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு அலுவலகத்துக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன்.

அலுவலகத்தில் 24 போர்ட், ஃபைபர் மாட்யூல் செருகும் நான்கு எஸ்.எஃப்.பி. துளைகள் கொண்ட கிகாபிட் ஸ்விட்ச். மற்ற மூன்று இடங்களிலும் ஒரே மாடல்: எட்டு பி.ஓ.இ. போர்ட், இரண்டு எஸ்.எஃப்.பி., விசிறி இல்லாதது. பேக்கிங் அறைக்கு பி.ஓ.இ. இப்போதைக்கு வேண்டியதில்லை. ஆனாலும் மூன்றும் ஒன்றாக இருந்தால் அலமாரியில் ஒரே ஒரு மாற்று ஸ்விட்ச் வைத்தால் போதும், எது செத்தாலும் அதை மாட்டலாம். ஃபைபர் மாட்யூலிலும் அதே கணக்கு. ஒற்றை இழையில் போகவர இரண்டும் நடத்தும் மாட்யூலால் இழை மிச்சம், ஆனால் ஒரு முனைக்கு ஒரு வகை, மறு முனைக்கு வேறு வகை என்று ஜோடி சேர வேண்டும். இரட்டை இழையில் 10 கிலோமீட்டர்வரை போகும் சாதாரண 1310 நானோமீட்டர் மாட்யூலையே எல்லா முனைக்கும் எடுத்தோம்.

பி.ஓ.இ. விஷயத்தில் பெட்டியின் மேல் எழுதியதைப் படித்தால் போதாது. 2003-இல் வந்த 802.3ஏ.எஃப். தரப்படி ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்வரை தரலாம், கம்பியில் இழப்பு போக மறுமுனையில் 12.95 வாட் கிடைக்கும். எட்டுப் போர்ட்டிலும் அப்படியே தர வேண்டுமென்றால் 123 வாட் தேவை. கடையில் முதலில் காட்டிய எட்டுப் போர்ட் ஸ்விட்ச்சின் மொத்த பி.ஓ.இ. திறன் 65 வாட். பகலில் கேமராக்கள் குறைவாகத்தான் இழுக்கும், அப்போது எல்லாம் ஓடும். இருட்டி அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா ஒன்று 9 வாட்டுக்குப் போகிறது. ஒரே ஸ்விட்ச்சில் ஆறு கேமராக்கள் வந்தால் 54, வைஃபை பெட்டி ஒன்றுக்கு 12 என்று கூட்டினால் 66. இரவில் மட்டும் ஒரு கேமரா அணையும், காரணம் தெரியாமல் கேமராவை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் 120 வாட் திறனுள்ளதையே கேட்டு வாங்கினோம்.

விசிறி வேண்டாம் என்றதற்குக் காரணம் தேயிலைப் பஞ்சு. சலிப்பறையிலிருந்து பறக்கும் மெல்லிய இழை எந்த விசிறியையும் சில மாதங்களில் அடைத்துவிடும். சி.டி.சி. தளத்தில் ஸ்விட்ச்சே வைக்கவில்லை. டீ மேக்கர் அறையின் சுவரில், தூசும் நீரும் புகாத இரும்புப் பெட்டிக்குள் வைத்தோம்.

பொருத்திய விதம்

உறைபனிக் காலமான ஜனவரியில் இலை வரத்து குறைவு. அந்த நாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். குழி, குழாய், ஃபைபர் ஒட்டு எல்லாம் வழக்கமான வேலை, விவரிக்க அதிகமில்லை.

பெட்டிகளைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. கம்பிகள் எல்லாம் அடிப்பக்கத்திலிருந்தே நுழைந்தன, நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறியது. மழையும் பனியும் கம்பி வழியே வழிந்து அந்த வளைவில் சொட்டிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் வெதுவெதுப்பாக இருப்பதால் பெட்டிக்குள் ஈரம் படியாது. மின்சாரம் நின்று குளிர்ந்த இரவுகளில்தான் படியும் என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் சிறு யு.பி.எஸ். வைத்தோம்.

எடை ஒரு வி.லான், கேமரா ஒன்று, அலுவலகமும் வைஃபையும் ஒன்று என்று பிரித்தோம். வளையக் காப்பை மூன்று இடத்திலும் இயக்கினோம். ஒவ்வொரு பெட்டியின் கதவு உட்புறத்திலும் எந்தப் போர்ட் எங்கே போகிறது என்று தமிழில் எழுதி ஒட்டினோம். அமைப்புக் கோப்பின் நகலும் கடவுச்சொல்லும் மேலாளரிடம் உறையிட்டுக் கொடுக்கப்பட்டன. மாற்று ஸ்விட்ச்சை மாட்டி அமைப்பை ஏற்றுவதை எலக்ட்ரீசியன் அண்ணா எங்கள் முன்னாலேயே செய்து பார்த்தார். அவர் தனியாகச் செய்து முடிக்கும்வரை நாங்கள் கிளம்பவில்லை.

அதன்பின்

முதல் தொந்தரவு புதிய ஸ்விட்ச்சிலிருந்தே வந்தது. நீண்ட மின்தடையில் யு.பி.எஸ். தீர்ந்து, பிறகு ஜெனரேட்டர் ஓடியதும் எடைக்கூடக் கணினி சட்டென்று எழுந்துவிடும். ஆனால் ஸ்விட்ச் முழுதாக எழ ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும், எழுந்த பின்னும் அரை நிமிடம் தொடர்பு இல்லை என்றே காட்டியது. வளையத்தைத் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் ஒரு போர்ட் உயிர் பெற்றதும் 15 நொடி கவனிக்கும், 15 நொடி கற்கும், அதன் பிறகே தரவை விடும். கணினியும் கேமராவும் மட்டும் செருகிய போர்ட்டுகளை ஓரப் போர்ட் என்று குறித்து, விரைவு ஸ்பானிங் ட்ரீக்கு மாற்றியதும் அந்த அரை நிமிடம் போனது. வளையக் காப்பு அப்படியே இருக்கிறது. ஸ்விட்ச் எழும் நேரத்தைக் குறைக்க வழியில்லை, ஆகவே எடைக்கூடத்துக்கு மட்டும் பெரிய பேட்டரி கொண்ட யு.பி.எஸ். மாற்றினோம்.

அடுத்து, உலர்த்தியின் வெப்பநிலையைப் பதியும் கணினி அவ்வப்போது திணறுவதாக டீ மேக்கர் சொன்னார். ஸ்விட்ச்சின் போர்ட் பக்கத்தைத் திறந்தால் அந்த ஒரு போர்ட்டில் மட்டும் சி.ஆர்.சி. பிழை (சிதைந்து வந்த தரவு) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது, மற்றவற்றில் பூஜ்யம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவிலிருந்து வரும் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டி, ஒரே தட்டில் நெடுந்தூரம் போயிருந்தது அந்த நெட்வொர்க் கம்பி. அதைப் பிரித்து எதிர்ச்சுவர் வழியே விட்டு, கடக்க வேண்டிய ஓரிடத்தில் குறுக்காகச் செங்கோணத்தில் கடக்கவிட்டோம். எண்ணிக்கை நின்றது. சாதாரண ஸ்விட்ச்சாக இருந்தால் கணினியை மாற்றுவதில் தொடங்கியிருப்பார்கள்.

பேக்கிங் அறையில் மறுபடியும் வளையம் விழுந்தது. இந்த முறை அந்தப் போர்ட் ஒன்றே மூடிக்கொண்டது. எடைக்கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. பேக்கிங் அறை மேற்பார்வையாளர் அழைத்தார், பதிவேட்டில் ஆறாவது போர்ட் என்று இருந்தது, “ஆறாம் நம்பர்ல இருக்கற கம்பியோட மறுமுனை எங்கே போகுதுன்னு பாருங்கண்ணா” என்று கேட்டதும் அவரே கண்டுபிடித்துக் கழற்றினார். அன்றோடு காலியான போர்ட்டுகள் எல்லாவற்றையும் அமைப்பிலேயே மூடிவைத்தோம்.

மே மாதத்தில் பலத்த இடி. முற்றத்துக் கம்பத்தில் இருந்த கேமரா போயிற்று, எடைக்கூட ஸ்விட்ச்சில் அது செருகியிருந்த போர்ட்டும் போயிற்று. அந்தக் கம்பத்துக்குப் போனது செம்புக் கம்பி. மற்றப் போர்ட்டுகள் பிழைத்தன, ஃபைபரைத் தாண்டி அலுவலகத்துக்கு எதுவும் போகவில்லை. முந்தைய ஆண்டுகளில் இதே மாதிரி இடியில் மூன்று கட்டடங்களிலும் கருவிகள் செத்ததாக எலக்ட்ரீசியன் அண்ணாவின் இழுப்பறை சொல்கிறது. எடை அன்று மாலையும் நடந்தது. புதிய கேமராவை வேறு போர்ட்டில் செருகினார்கள்.

சீசனில் ரசீது தடையின்றி வருகிறது. கணக்கப்பிள்ளை இரவு உட்கார்ந்து ஏற்றும் வேலை இல்லை. நோட்டை மட்டும் அவர் விடவில்லை, நாளின் மொத்த எடையை மாலையில் அதில் ஒரு வரி எழுதிக்கொள்கிறார். விடச் சொல்லி நாங்களும் வற்புறுத்தவில்லை. இரண்டு கணக்கு இருப்பது விவசாயிக்கு நல்லதுதான்.

மறுபடி செய்தால் மாறுபவை

கம்பங்களில் ஏறும் கேமராக்களுக்கு எடைக்கூட ஸ்விட்ச்சிலிருந்து நேராகச் செம்பு இழுக்காமல், கம்பத்தடியில் ஒரு சிறு பெட்டி வைத்து அதுவரை ஃபைபரைக் கொண்டுபோகலாம். கம்பத்தில் தனியாக மின்சாரம் வேண்டும் என்பதுதான் தடை. அதுவும் முடியாவிட்டால், திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும், நல்ல எர்த்தோடு சேர்த்த சர்ஜ் காப்பு அந்தப் போர்ட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். எர்த் நன்றாக இல்லாத இடத்தில் அதை மாட்டிப் பயனில்லை என்பதால் முதலில் எர்த்தை அளந்துவிட்டே வாங்க வேண்டும்.

எடைக் கணினி சர்வரை எட்ட முடியாதபோது ரசீதைத் தன்னிடமே அச்சடித்து, தொடர்பு வந்ததும் பதிவை அனுப்பும்படி மென்பொருளையே மாற்றச் சொல்லி, தயாரித்தவர்களிடம் ஆலை கேட்டிருக்கிறது. எந்த ஸ்விட்ச்சாலும் இதை ஈடுகட்ட முடியாது, ஸ்விட்ச் வாங்கும் அதே நாளில் பேச வேண்டிய விஷயம் இது.

குழாயில் இன்னும் இரண்டு இழைகள் கூடுதலாக விட்டிருக்கலாம். குழி தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் இழையின் விலை ஒன்றுமில்லை. மேலாளர் குடியிருப்புக்குப் போவது இன்றும் பழைய செம்புக் கம்பிதான், அலுவலகத்து ஸ்விட்ச்சில் நான்காவது எஸ்.எஃப்.பி. துளை அதற்காகக் காலியாக இருக்கிறது. இடி மேகம் கூடினால் அந்த ஒரு கம்பியைக் கழற்றிவிடும்படி அலுவலகத்தில் சொல்லியிருக்கிறோம், அடுத்த ஜனவரியில் அதையும் மாற்றுவதாக ஏற்பாடு.